342 நாள், 461 நாள்

(திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 342, 461)

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே நாள் கணக்கு.

1990களின் நடுவில், அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்குப் புதிய வகை மருந்து ஒன்று வந்தது. புரோட்டியேஸ் தடுப்பான் என்று பெயர். பழைய மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். 1996இலிருந்து 1997க்குள் மட்டும் அந்த நாட்டில் எய்ட்ஸ் மரணங்கள் 47 சதவீதம் குறைந்தன.

சரி, அந்த மருந்து யார் கைக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது? நாடு முழுவதிலுமிருந்து எடுத்த தரவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயாளிகளுக்கு இடையே உள்ள மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் கிடைத்த இடைநிலை எண்கள் இவை. வெள்ளையின நோயாளி, வெள்ளையின மருத்துவர்: 353 நாள். கறுப்பின நோயாளி, கறுப்பின மருத்துவர்: 342 நாள். கறுப்பின நோயாளி, வெள்ளையின மருத்துவர்: 461 நாள்.

(திரையில் நாள்காட்டித் தாள்கள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன)

342க்கும் 461க்கும் நடுவில் 119 நாள். நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் வைரஸ் ஓய்வெடுப்பதில்லை. நம் உடலின் காவலில் முக்கியமான சிடி4 அணுக்களை அது அழித்துக்கொண்டே இருக்கும். அவை குறையக் குறைய, சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத கிருமிகூட உயிரை எடுத்துவிடும்.

இதைக் கேட்டதும் பலர் சொல்லும் முதல் பதில், "அது வறுமையால் வருவது, இனத்தால் அல்ல" என்பது. நியாயமான சந்தேகம்தான். அதற்கு 1994இலேயே ஒரு பதில் இருக்கிறது. பால்டிமோர் நகரில் ஒரு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்குப் புதிதாக அனுப்பப்பட்டவர்களிடம், அதற்கு முன் அவர்களுக்கு என்ன சிகிச்சை கிடைத்திருந்தது என்று பார்த்தார்கள். வைரஸுக்கு எதிரான மருந்து தேவைப்பட்ட நிலையில் இருந்த வெள்ளையர்களில் 63 சதவீதம் பேருக்கு அது கிடைத்திருந்தது. அதே நிலையில் இருந்த கறுப்பினத்தவரில் 48 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்திருந்தது. அன்றைக்கு எய்ட்ஸ் நோயாளிகளை அதிகம் கொன்ற ஒரு வகை நிமோனியாவைத் தடுக்கும் மருந்தில் இடைவெளி இன்னும் மோசம்: 82க்கு 58.

வருமானத்தைப் பார்த்தார்கள், காப்பீட்டைப் பார்த்தார்கள். படிப்பு, வயது, குடியிருக்கும் இடம், தொற்று வந்த வழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதிலும் இப்படி ஒரு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இனத்தில் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாம் போகவே விரும்பாத அறையில் வந்து நிற்பது போன்றது இது.

(திரையில் மருத்துவரின் மேசை, எழுதப்படாத மருந்துச் சீட்டு)

அந்த அறையில் நடந்தது என்ன? அன்றைய சிகிச்சை கடினமானது. நாளுக்குக் கைநிறைய மாத்திரைகள், நேரம் தவறக் கூடாது. இடையிடையே விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். அதனால் "இவர் ஒழுங்காகச் சாப்பிடுவாரா?" என்று மருத்துவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் கறுப்பின ஆண்களுக்கு மதிப்பெண் குறைத்துப் போடப்பட்டதை ஆய்வுகள் காட்டின. மருத்துவர் யாரையும் திட்டவில்லை, வெளியே போகச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாள்கள்தான் 119 ஆகக் கூடுகின்றன. வெறுப்பே இல்லாமலும் ஓர் ஆளுக்குத் தரக்குறைவான சிகிச்சை கொடுக்க முடியும் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

அதெல்லாம் பழைய காலம் என்று தள்ளவும் முடியாது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, பாதிப் பேர் "கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது" என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது உண்மை என்று நம்பினார்கள்.

அப்புறம் இன்னொரு வாதம் வரும்: "அவர்கள் நடத்தை அப்படி." அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 12 சதவீதம். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம். ஆனால் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2012இல் பார்த்தபோது, கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிட அதிக அலட்சியமாக நடந்ததாகத் தெரியவில்லை. வித்தியாசம் சிகிச்சையில் இருந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் அது இன்னொருவருக்குத் தொற்றாது. இன்று இது உறுதியான உண்மை. அப்படியென்றால் ஒருவருக்கு மருந்தைத் தாமதிப்பது அவரோடு முடிவதில்லை. அவர் நேசிக்கும் ஆளையும் அது தொடும்.

1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையே சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. கறுப்பினத்தவர் மருத்துவமனையை நம்புவதில்லை என்று குறை சொல்பவர்கள், நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

(திரையில் அமெரிக்க வரைபடம், தென்பகுதி மட்டும் நிறம் மாறுகிறது)

இப்போது தெற்கே வாருங்கள். புதிய தொற்றுகளில் ஏறக்குறைய பாதி இங்கேதான். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு மெடிக்கெய்ட். முன்பெல்லாம் குழந்தை இல்லாத ஓர் ஏழைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் அது கிடைக்காது, நோய் முற்றி எய்ட்ஸ் ஆகி, உடல் முடங்கியவர் என்று சான்று வாங்கினால்தான் கிடைக்கும். முடங்காமல் இருக்க மருந்து வேண்டும். மருந்து வேண்டுமென்றால் முடங்க வேண்டும். ஏழைகள் எல்லோருக்கும் மெடிக்கெய்ட்டை விரிவாக்கி இதை மாற்ற 2010இல் ஒரு சட்டம் வந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி இன்னும் ஏற்கவில்லை.

ஆனால் இந்த இடைவெளியைச் சுருக்க வழி இருக்கிறது, அது நடந்தும் இருக்கிறது. எய்ட்ஸால் இறந்த ரையன் வைட் என்ற சிறுவனின் பெயரில் 1990இல் வந்த கூட்டரசுத் திட்டம், காப்பீடு இல்லாதவர்களுக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை தருகிறது. மாத்திரையோடு நிற்பதில்லை. மருத்துவமனைக்குப் போக வண்டி, தங்க இடம், சாப்பாடு, "ஏன் இந்த முறை வரவில்லை?" என்று அக்கறையோடு கேட்க ஓர் ஆள், எல்லாம் உண்டு. 2010இல் இத்திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 69.5 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள் இருந்தது. 2022இல் 89.6 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்று யாரை நினைத்தார்களோ, அவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

(திரையில் மூன்று எண்கள்: 94, 24, 13)

தடுப்பு மருந்தில் மட்டும் பழைய கதை அப்படியே தொடர்கிறது. எச்.ஐ.வி. வராமல் காக்கும் பிரெப் மாத்திரை 2012இல் அனுமதி பெற்றது. பத்து ஆண்டு கழித்து, 2022இல், அது பயன்படக்கூடிய வெள்ளையர்களில் 94 சதவீதம் பேருக்குச் சமமான எண்ணிக்கையில் மருந்துச் சீட்டு எழுதப்பட்டிருந்தது. லத்தீன் மக்களில் 24. கறுப்பினத்தவரில் 13.

2025 ஜூனில் இன்னும் சிறந்த ஒன்று வந்திருக்கிறது. லெனகாபவிர் என்ற ஊசி. ஆண்டுக்கு இரண்டே முறை போட்டால் போதும். பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். மிசிசிப்பியில் காப்பீடு இல்லாத ஓர் இளைஞர் கைக்கு அது எத்தனை நாளில் வருகிறது என்பதை இப்போதிருந்தே எண்ண வேண்டும்.