குளிருக்கு ஏற்ற இனிப்பு மணங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் பலரும் விரும்பிப் பூசிக்கொள்ளும் இனிப்பு வாசனைத் திரவியங்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வனிலா, கேரமல், சாக்லேட், வறுத்த பாதாம், சுண்டக் காய்ச்சிய பால் என உண்ணும் பொருள்களை நினைவூட்டும் திரவியங்களைக் கூர்மாண்ட் என்ற பெயரில் ஒரு தனி வகையாக அத்தொழிலில் இருப்பவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனமான வாசனை என்று ஒதுக்குவோர் உண்டு. இனிப்பு கூடக்கூட நல்லது என்று குப்பிகளை வாங்கி அடுக்குவோரும் உண்டு. இரு சாராரும் சர்க்கரையை மட்டுமே கவனிக்கிறார்கள் என்பது என் கருத்து. இவ்வகைத் திரவியம் ஒன்று நன்றாக அமைவதும் திகட்டிப்போவதும் இனிப்பின் அளவைவிட, அதற்கு அடியில் இருக்கும் கசப்பையும் கட்டை மணத்தையும் புகையையும் பிசினையும் பொறுத்தே இருக்கின்றன.

முதலில் குளிருக்கு வருவோம். ஒரு பொருளிலிருந்து ஆவியாகிப் பிரியும் மூலக்கூறுகள் மூக்கை எட்டும்போதுதான் நாம் மணத்தை உணர்கிறோம். வெப்பம் குறையும்போது ஆவியாகும் வேகமும் குறைந்துவிடுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலில் மிகுந்திருக்கும் லிமோனின் ஏறத்தாழ 176 டிகிரி செல்சியசில் கொதிக்கும். வனிலா மணத்துக்கு முதன்மையான காரணமாகிய வனிலினுக்கோ அந்த அளவு 285 டிகிரியை ஒட்டி வருகிறது. ஆகவே பழத்தோல் மணங்கள் சற்று நேரம் சுறுசுறுப்பாக வீசிவிட்டு மறைந்துவிட, வனிலின் தோலிலும் கம்பளித் துணியிலும் பல மணி நேரம் தங்கியிருந்து சிறிது சிறிதாக எழும்புகிறது. கடும் வெயிலில் மூச்சை அடைக்கும் அதே திரவியம் குளிர்நாளில் இதமாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்ந்த தெருவில் நடக்கும்போது நம் திரவியம் மங்கிப்போனதாகத் தோன்றும். மூக்கினுள் காற்று வறண்டிருப்பதும், பூசிய மணத்துக்கு நாமே பழகிப்போவதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தும். மேலும் இரண்டு முறை தெளித்துக்கொண்டு, கணப்பு எரியும் அறைக்குள் நுழைந்து மேலாடையைக் கழற்றியதும், உடல் சூட்டில் அதுவரை அடைபட்டிருந்த மணம் முழுவதும் ஒரே வீச்சில் வெளிப்படும். நமக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே குளிர்காலத் திரவியத்தின் அளவைத் தெருவைக் கொண்டு தீர்மானிக்காமல், போய் உட்காரப்போகும் அறையைக் கொண்டு தீர்மானிப்பதே சரி.

இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கொடியிலிருந்து பறித்த பச்சை வனிலாக் காய்க்கு மணம் இல்லை என்றே சொல்லலாம். அதை வாட்டி, வியர்க்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்திய பிறகே வனிலின் வெளிப்படுகிறது, அதுவும் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான். 1874இல் ஃபெர்டினான்ட் டீமான், வில்ஹெல்ம் ஹார்மான் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் பைன் வகை மரங்களில் கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து வனிலினைச் செய்து காட்டினார்கள். வனிலாவையும் பாதாமையும் நினைவூட்டும் டோங்கா என்ற மரவிதையின் மணத்துக்குக் காரணமான கூமரினை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1868இல், வில்லியம் ஹென்றி பெர்க்கின் செயற்கையாக உருவாக்கியிருந்தார். இவ்விரண்டும் கையில் கிடைத்த பிறகுதான் 1889இல் கெர்லான் என்ற பிரெஞ்சுத் திரவிய நிறுவனத்தின் ஜிக்கி போன்ற திரவியங்கள் தோன்ற முடிந்தது. அதே நிறுவனத்தில் 1925இல் ழாக் கெர்லான் வெளியிட்ட ஷாலிமாரில், வனிலினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியமுள்ள எத்தில் வனிலின் இடம்பெற்றது. ஆனால் ஷாலிமாரை முகர்ந்தவர்கள் யாரும் அதைப் பலகாரம் என்று நினைக்க மாட்டார்கள். மேலே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் கூர்மையும் கீழே தோலும் புகையும் கலந்த ஒரு கருமையும் நின்று, நடுவிலுள்ள அந்த இனிப்பை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கின்றன.

கூர்மாண்ட் தனி வகையாக நிலைபெற்றது 1992இல் வெளிவந்த ஏஞ்சலுக்குப் பிறகுதான். ஆடை வடிவமைப்பாளர் தியரி முக்ளேரின் பெயரில் வந்த அந்தத் திரவியத்தை ஒலிவியே கிரெஸ்ப் அமைத்தார். பஞ்சுமிட்டாய், காய்ச்சிய சர்க்கரை ஆகியவற்றின் வாசனை கொண்ட எத்தில் மால்டால் அதுவரை உணவுப் பொருள்களுக்குச் சுவையூட்டுவதற்கே பெரிதும் பயன்பட்டது. அதைத் துணிந்து அதிக அளவில் சேர்த்த கிரெஸ்ப், அதற்கு எதிராக ஈரமண்ணும் பழைய மரப்பெட்டியும் போல மணக்கும் பச்சோலி எண்ணெயைத் தாராளமாக நிறுத்தினார். அந்தப் பச்சோலியை எடுத்துவிட்டால் ஏஞ்சலில் மிஞ்சுவது மிட்டாய்க் கடைதான். பின்னால் வந்த பல திரவியங்கள் சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு கசப்பை விட்டுவிட்டன. கடையில் முகர்ந்த கணத்தில் அவை மயக்கும். பேருந்தில் அரைமணி நேரம் அவற்றோடு பயணம் செய்தால் தலைவலிதான் மிஞ்சும். 2011இல் டானியேலா ஆன்ட்ரியே பிராடா நிறுவனத்துக்காக அமைத்த கேண்டி இதற்கு மாறானது. பெயரிலேயே மிட்டாய் இருந்தாலும், கேரமலுக்கு அடியில் சாம்பிராணிப் பிசினின் கனமான மணம் நிறைந்திருப்பதால் அது சளைக்காமல் நிற்கிறது.

பாலேட்டு மணத்தை நான் இனிப்பைவிட ஒரு படி மேலாக மதிக்கிறேன். பாலையோ வெண்ணெயையோ காய்ச்சி வடித்துத் திரவியத்தில் சேர்த்துவிட முடியாது. ஆகவே குப்பியில் நாம் உணரும் பாலேடு முழுவதும் மூக்குக்குக் காட்டப்படும் ஒரு தோற்றமே. அதைப் பெரும்பாலும் லாக்டோன்கள் என்ற மூலக்கூறுகள் உண்டாக்குகின்றன. பால் கொழுப்பில் இயல்பாகவே இருக்கும் டெல்டா டெக்காலாக்டோன் வெண்ணெய்த் தன்மையைத் தரும். காமா நோனாலாக்டோன் தேங்காயை நினைவூட்டும். இவற்றோடு சந்தனம் சேரும்போது, சந்தனத்திலேயே இயல்பாக அமைந்திருக்கும் பால்தன்மை வெளிப்பட்டு, அதிகச் சர்க்கரை இல்லாமலே வழுவழுப்பான ஒரு மணம் கிடைக்கிறது. மிட்டாய் வாசனை பிடிக்காத ஆண்களும் பெண்களும் கூர்மாண்ட் பக்கம் வர விரும்பினால், கேரமலைத் தொடாமல் பாலும் கட்டையும் கலந்த இந்த வழியாக வரலாம்.

வாங்கும்போது காகிதப் பட்டையில் முகர்ந்த உடனேயே முடிவு செய்துவிடாதீர்கள். இவ்வகைத் திரவியங்களின் மேல்மணம் கவர்ச்சிக்காகவே அமைக்கப்படுவது; அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தோலில் பூசி இரண்டு மூன்று மணி நேரம் சென்ற பின்னரே தெரியும். அப்போது கட்டையோ பிசினோ லேசான கசப்போ தென்பட்டால் வாங்கலாம். வெறும் சர்க்கரை மட்டுமே இருந்தால் குப்பியைத் திருப்பி வைத்துவிடலாம். முகர்ந்து முகர்ந்து மரத்துப்போன மூக்குக்குக் கடைகளில் காப்பிக் கொட்டையை நீட்டுவார்கள். அது வெறுங்காற்றைவிட அதிகமாக உதவுவதாகத் தெரியவில்லை. காப்பியும் சாக்லேட்டும் கலந்த மணங்களைச் சோதிக்கும்போது குழப்பத்தை வேண்டுமானால் கூட்டும். கடைக்கு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவது மேல்.

பூசுவதற்கு மார்பும் கழுத்தின் அடிப்பகுதியும் பொருத்தமான இடங்கள். ஆடைக்குள் தோல் கதகதப்பாகவே இருப்பதால் மணம் கழுத்துப் பட்டை வழியாக மெல்ல மேலேறும். வறண்ட தோலில் திரவியம் விரைவில் மங்கும் என்பதால், மணமில்லாத களிம்பை முதலில் தடவிக்கொள்ளலாம். கம்பளிச் சால்வையில் தெளித்தால் மறுநாளும் மணம் நிற்கும், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வனிலின் காற்றும் ஒளியும் பட்டு நாளடைவில் பழுப்பாக மாறும் இயல்புடையது. வனிலா மிகுந்த திரவியங்கள் குப்பிக்குள்ளேயே கருத்துப்போவதும் அதனால்தான். அதில் அஞ்ச ஒன்றுமில்லை. வெள்ளைத் துணியில் பட்டால் மட்டும் கறை தங்கிவிடக்கூடும் என்பதால், வெளிர்நிற ஆடை உடுத்தும் நாள்களில் திரவியத்தைத் தோலில் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஆடையை அணிந்துகொள்ளுங்கள். வணக்கம்.