தோளுக்குத் தெரியும் எடை

வணக்கம் நேயர்களே. பயணத்துக்கும் அன்றாட வேலைக்கும் ஒத்துவருகிற சின்ன லேப்டாப்பைப் பார்த்து வாங்குவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். வீடு டோம்பிவிலியில், வேலை தென் மும்பையில். லேப்டாப்பை லோக்கல் ரயிலில் சுமந்து, கிடைத்த இடத்தில் திறந்து, தமிழில் தட்டச்சு செய்து தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் கேட்பது, ரேம் என்கிற தற்காலிக நினைவகம் எவ்வளவு, வேலையை ஓட்டும் ப்ராசஸர் சில்லு எது என்றுதான். நான் முதலில் எடையைக் கேட்கச் சொல்வேன். ஏன் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கு ஃபாஸ்ட் லோக்கல் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் நிற்கிற நெரிசல் என்று ரயில்வேக்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். முதுகில் இருக்கும் பையைக் கழற்றி நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டுதான் ஏறவேண்டும். மேலே ரேக்கில் வைக்கலாம் என்றால் இறங்குவதற்கு நாலு ஸ்டேஷன் முன்பே அதை எடுத்துத் தரச் சொல்லி யாரையாவது கேட்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நெஞ்சில் தொங்குகிற பை இரண்டு கிலோவா, மூன்றரைக் கிலோவா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதுவரை அது போகும்.

நாலாவது சீட்டையும் சொல்லவேண்டும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்காருகிறோமே, அந்த நாலாவது சீட். அங்கே பதினைந்தரை அங்குலத் திரையுள்ள லேப்டாப்பை மடியில் திறந்தால் முழங்கை பக்கத்துக்காரர் விலாவில் இடிக்கும். பதினான்கு அங்குலம் என்றால் சமாளிக்கலாம். பதின்மூன்று என்றால் இன்னும் நல்லது. நான் தினமும் சில பக்கங்களை அப்படித்தான் திருத்துகிறேன்.

மழைக்காலத்தையும் மறக்கக்கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்படி ஒரு நாளில் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடக்க முடிகிற கனம்தான் சரியான கனம் என்பது என் கணக்கு. பைக்குள் ஜிப் வைத்த ஒரு தடிமனான பிளாஸ்டிக் உறையும் இருக்கட்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை.

சரி, எவ்வளவு எடை? பதினைந்தரை அங்குல சாதாரண லேப்டாப்கள் பெரும்பாலும் 1.6 கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை வரும். பதினான்கு அங்குலத்தில் நல்லவை 1.2 முதல் 1.5 வரை. ஒரு கிலோவுக்குக் கீழேயும் இருக்கின்றன, விலைதான் ஏறும். தினமும் சுமக்கிறவருக்கு 1.4 கிலோவைத் தாண்டவேண்டாம் என்பேன். ஆனால் இந்த எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் செம்பூரில் இருக்கும் எங்கள் மாமா.

மாமா தன் மகளுக்கு லேப்டாப் வாங்க, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டுக்குக் கிளம்பினார். அந்தப் பெண் தினமும் செம்பூரிலிருந்து அந்தேரிக்குப் போய்வருகிறவள். துணைக்கு நானும் போனேன். மாமா கையில் ஒரு கொக்கித் தராசு. விமான நிலையத்துக்குப் போகுமுன் வீட்டில் சூட்கேஸைத் தொங்கவிட்டு எடை பார்க்கிறோமே, அதுதான். கடையில் இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார்கள். ஒன்றின் அட்டைப்பெட்டியில் 1.3 கிலோ என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 1.4 கிலோ. கடைக்காரப் பையன், "அங்கிள், முதலாவதை எடுங்கள், நூறு கிராம் குறைவு" என்று இந்தியில் சொன்னான். மாமா தலையாட்டிவிட்டு ஒரு துணிப்பையை விரித்தார். "தம்பி, சார்ஜர், வயர் எல்லாவற்றையும் இதற்குள் போடு" என்றார். பையன் சிரித்துக்கொண்டே போட்டான். மாமா கொக்கியில் மாட்டித் தூக்கினார்.

முதலாவதோடு வந்த சார்ஜர் கனமான கறுப்புப் பெட்டி. அதற்கு மூன்று முள் வைத்த தடித்த வயர் வேறு. சார்ஜரும் வயரும் மட்டும் 450 கிராம் இழுத்தன. இரண்டாவதுக்கு யூஎஸ்பி சி வகை, உள்ளங்கையில் அடங்குகிற சார்ஜர். மொத்தம் தூக்கியபோது 1.4 என்று போட்டிருந்ததுதான் இலேசாக இருந்தது. பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு, கடையிலிருந்த இன்னும் சிலவற்றைத் தானே எடுத்துவந்து மாட்டிப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்களும், "இதையும் போடுங்கள், அதையும் போடுங்கள்" என்று கூடிவிட்டார்கள். மாமா எதற்கும் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் சின்ன டைரியில் எழுதிக்கொண்டார். அந்தப் பெண் இன்றைக்கும் அந்த இரண்டாவது லேப்டாப்பைத்தான் வைத்திருக்கிறாள்.

ஆகவே மறுபடி சொல்கிறேன், வானொலியை இப்போதுதான் திருப்பியவர்களுக்காகவும் சொல்கிறேன்: லேப்டாப்பைச் சார்ஜரோடு சேர்த்து எடை போடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது லேப்டாப்பின் எடை. உங்கள் தோள் சுமப்பது பையின் எடை. யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஆகிற லேப்டாப்பாக வாங்கினால் இன்னொரு லாபமும் உண்டு. காலியம் நைட்ரைடு என்ற பொருளை வைத்துச் செய்த சின்ன 65 வாட் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. போனுக்கும் லேப்டாப்புக்கும் அந்த ஒன்றே போதும். பையில் ஒரு வயரும் குறையும்.

இந்த இலேசு எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் சொல்கிறேன். 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டர் வந்தது. தூக்கிச்செல்லலாம் என்று சொல்லி விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ, திரை ஐந்து அங்குலம். 2007-இல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்று ஒரு குட்டி லேப்டாப்பைக் கொண்டுவந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவு, ஏழு அங்குலத் திரை. அடுத்த வருஷம் ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார், 1.36 கிலோ. இவை எல்லாவற்றையும்விட, சில்லுகள் மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்க ஆரம்பித்ததுதான் பெரிய மாற்றம். மின்சாரம் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் விசிறியும் சூட்டைக் கடத்துகிற செம்புக் குழாயும் சின்னதாகும், பேட்டரியும் சின்னதாக இருந்தால் போதும். 2020-இல் வந்த எம் 1 சில்லு வைத்த மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. மே மாத வெயிலில், விசிறி நின்றுபோன பெட்டியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்தச் சூட்டு விஷயம் நன்றாகவே புரியும்.

இனி விசைப்பலகை. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

லேப்டாப் சின்னதாகும்போது எதையாவது குறுக்கவேண்டும். ஏ பி சி டி எழுத்துகளின் விசைகளைக் குறுக்கினால் வாங்குகிறவர் கடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் வலது ஓரத்து விசைகளில் கை வைப்பார்கள். எல் எழுத்துக்கு வலப்பக்கம் அரைப்புள்ளியும் மேற்கோள் குறியும் இருக்கின்றன அல்லவா, மேல் வரிசையில் ஓ-வுக்கு அடுத்த பி எழுத்துக்கு வலப்பக்கம் இரண்டு சதுர அடைப்புக்குறிகள், கீழ் வரிசைக் கடைசியில் சாய்கோடு. இவற்றில் சிலதைப் பாதியாக நறுக்கிவிடுவார்கள், சில மாதிரிகளில் வேறு இடத்துக்கே தள்ளிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குப் பெரிய நஷ்டமில்லை. அடைப்புக்குறி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டியிருக்கும்?

ஆனால் தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்கிறவருக்கு? சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்து, அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. அதில் அந்த அரைப்புள்ளி விசைதான் ந. மேற்கோள் விசை ய. இடது அடைப்புக்குறி ச, வலது அடைப்புக்குறி ஞ. சாய்கோடு ழ. நான், நீ, நாம் என்று எழுதவும் அந்த ஓரத்துக்குப் போகவேண்டும், சொல், செய் என்று எழுதவும் போகவேண்டும். தமிழ் என்று எழுதினாலே ழ வேண்டும். ஓரத்து விசை பாதியாக நறுக்கப்பட்ட லேப்டாப்பில் ஒரு நாள் முழுக்கத் தமிழ் அடித்துப் பாருங்கள், வலது கைச் சுண்டுவிரல் சொல்லும் கதையை. ஒவ்வொரு ய-வுக்கும் என்டர் விசையில் விரல் பட்டு வரி உடையும்.

எனவே கடையில் என்ன செய்யவேண்டும்? லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, இரண்டு கையையும் வைத்து, தமிழில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, காசு நம்முடையது. "நியாயம், வாழ்க்கை, ஞாயிறு, சந்தை" என்று அடியுங்கள். ஓரத்து விசைகள் அத்தனைக்கும் வேலை வந்துவிடும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறவர்களுக்கு, அம்மாவுக்கு ஏ எம் எம் ஏ ஏ என்று அடிப்பவர்களுக்கு, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்களும் விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கினால் விரலுக்குச் சுகம். மிக ஒல்லியான சில லேப்டாப்களில் மரப்பலகையில் தட்டுகிற மாதிரி இருக்கும்.

பதினான்கு அங்குலத்தில் பெரும்பாலும் விசைகள் முழு அளவில் இருக்கின்றன. பதினொன்று, பன்னிரண்டு அங்குலத்துக்கு இறங்கினால்தான் இந்த ஓரத்துப் பிரச்சினை அதிகம். எடைக்காக அவ்வளவு தூரம் இறங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சார்ஜரோடு எடை, தமிழ் அடிக்க முழு விசை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதுக்கு வாருங்கள்.

டேப்லெட்டோடு விசைப்பலகை ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். மேஜைமேல் போதும். மடியில் நிற்காது, பின்னால் முட்டுக்கொடுக்க இடம் வேண்டும். நாலாவது சீட்டில் அதற்கு இடமேது?

ரேம் விஷயம். இலேசான லேப்டாப்களில் பெரும்பாலும் ரேமை மதர்போர்டு என்ற உள்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. அதனால் வாங்கும்போதே 16 ஜிபி பார்த்து வாங்குங்கள். எட்டு இன்றைக்குப் போதலாம், நாலு வருஷம் கழித்துப் போதாது. கோப்புகளைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி நிறைய மாதிரிகளில் மாற்றக்கூடியது, அங்கே 512 ஜிபியோடு நிறுத்திக் காசை மிச்சப்படுத்தலாம். திரை கண்ணாடி மாதிரி பளபளக்காமல் மங்கலான பூச்சு உள்ளதாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் முகம் தெரியாமல் எழுத்து தெரியும். ப்ராசஸரைப் பற்றி எழுத்து வேலை, கணக்கு, வீடியோ அழைப்பு செய்கிறவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு வேறு கணக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கை காட்டுகிறார். பேட்டரியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். ஊருக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ சென்னை மெயிலிலோ போகிறவர்கள், பெட்டியில் இருக்கும் சார்ஜிங் பாயின்ட்டை இரவு நம்பாதீர்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை அதில் மின்சாரம் நிறுத்தப்படும், தீ விபத்தைத் தடுக்க ரயில்வே வைத்த ஏற்பாடு. பத்து மணிக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் லேப்டாப்பைக் கையில் எடுத்துப்போங்கள். 100 வாட் ஹவர் வரை கொள்ளளவுள்ள பேட்டரிக்கு முன் அனுமதி வேண்டாம், இலேசான லேப்டாப்கள் எல்லாம் அதற்குள்தான் வரும். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது.

கடைசியாக, சர்வீஸ். மும்பையில் பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் சர்வீஸ் சென்டர் உண்டு. விடுமுறைக்குத் திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஒரு மாதம் இருக்கிறவர்கள் அங்கேயும் உண்டா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் போனில் படமெடுத்து வையுங்கள், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். நேரம் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.