நீச்சல் குளம் மறைக்கும் 300 மீட்டர்: பெங்களூரில் இருந்தபடி கடல் டிரையத்லானுக்குத் தயாராவது எப்படி?

(திரையில்: 25 மீட்டர் குளம். தண்ணீருக்கு அடியில் சுவரை உதைத்துக் கிளம்பும் இரண்டு கால்கள். மெதுவாக ஓடும் காட்சி.)

இந்தக் கால்களைப் பாருங்கள். சுவரில் ஒரே உதை. கை இன்னும் ஒரு வீச்சுகூட வீசவில்லை, அதற்குள் உடம்பு நான்கு மீட்டர் போய்விட்டது. அந்த நான்கு மீட்டர் இலவசம். 1,900 மீட்டர் நீந்த வேண்டுமென்றால் 25 மீட்டர் குளத்தில் 76 நீளம். நடுவில் 75 தடவை சுவரை உதைக்கிறீர்கள். 75-ஐ நான்கால் பெருக்கினால் 300. "இன்றைக்கு 1,900 மீட்டர் முடித்தேன்" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறீர்களே, அதில் 300 மீட்டர் சுவர் கொடுத்தது.

கடலில் சுவர் கிடையாது.

வணக்கம். நம் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடற்கரைக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்குக் குளத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களில் பலருக்கும் குறி ஒன்றுதான்: கடல் நீச்சல் உள்ள நீண்ட தூர டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. இந்த வீடியோ அவர்களுக்காக. கடலுக்குப் பக்கத்தில் இல்லாமலே கடலுக்கு எப்படித் தயாராவது என்பதுதான் விஷயம்.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1978-இல் ஹவாயின் ஓஹு தீவில் 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்ததுதான் அயர்ன்மேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். இதில் சரிபாதி 70.3, மூன்று தூரத்தையும் மைலில் கூட்டினால் வரும் எண் அது. நமக்குப் பக்கத்தில் என்றால் கோவா. 2019-இல் மிராமார் கடற்கரையில் தொடங்கியது. அவ்வளவுதான் வரலாறு.

இப்போது பயத்தைக் குறைக்கும் ஒரு கணக்கு. பாதித் தூரத்துக்கு நீச்சல் கெடு வழக்கமாக 70 நிமிடம். முழுத் தூரத்துக்கு 2 மணி 20 நிமிடம். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி வரும். குளத்தில் 100 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் போகிறவர்கள் இங்கே ஏராளம். அப்படியானால் வேகம் நமக்குப் பிரச்சினையே இல்லை. பிறகு ஏன் கடலில் இறங்கியதும் திணறுகிறோம்?

சொல்கிறேன். எனக்கே நடந்தது.

(திரையில்: கோவளம் கடற்கரை, கிழக்குக் கடற்கரைச் சாலை. காலை வெளிச்சம்.)

குளத்தில் 2 கிலோமீட்டரை நிற்காமல் முடித்த அடுத்த வாரமே மடிவாளாவில் ராத்திரி பஸ் ஏறி, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்குப் போனேன். பழக்கமான இரண்டு பேரோடுதான் இறங்கினேன். நான்கே நிமிடம். மூச்சு மேலேயே நிற்கிறது, உள்ளே போகவில்லை. கீழே பார்த்தால் கலங்கிய பச்சை. கோடு இல்லை, தரை இல்லை, என் கையே முழுதாகத் தெரியவில்லை. மல்லாந்து படுத்துவிட்டேன். பக்கத்தில் ஃபைபர் படகில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, எதைப் பார்த்து நீந்துற?" மிதவையைப் பார்த்து என்றேன். "மிதவை அலையோட சேர்ந்து முங்கும், எந்திரிக்கும். நீ முங்கும்போது அது எந்திரிக்கும். அது முங்கும்போது நீ எந்திரிப்ப. அசையாததைப் பாரு. அந்தா மாதா கோயில், அதுக்கு நேரா அந்தத் தென்னை. ரெண்டும் ஒண்ணா நிக்கிற வரைக்கும் நீ நேராப் போற. விலகிச்சுன்னா நீ விலகிட்ட."

கடல் நீச்சலில் திசை பார்ப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. போட்டிக்கு முந்தைய நாள் கரையில் நின்று, மிதவைக்குப் பின்னால் உயரமாக என்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கட்டடம், செல்போன் கோபுரம், குன்று, எதுவானாலும் சரி. திரும்பி வரும் திசைக்கும் தனியாக ஒன்று. திசையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: வெறும் பத்து டிகிரி கோணலாகப் போனால், 100 மீட்டர் முடிவில் 17 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம்.

சரி, மறுபடியும் சுவருக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஆசை உண்டு, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் நமக்கு இலவச மீட்டர் மட்டும் தரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தோளுக்கு ஒரு விநாடி ஓய்வு தருகிறது. "இன்னும் எத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் தருகிறது. பயந்தால் பிடித்துக்கொள்ள விளிம்பு தருகிறது. குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு திசை பார்க்கும் வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பக்கத்துக் கயிறு அடுத்தவர் கை நம் மேல் படாமல் பார்த்துக்கொள்கிறது. ஆறு மாதம் இப்படிப் பழகிய உடம்பைத் திடீரென்று கடலில் விட்டால் அது எதைத் தேடும்? சுவரைத்தான். கோவளத்தில் என் மூச்சு நின்ற இடத்தில் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை. 25 மீட்டருக்கு ஒருமுறை வரவேண்டிய சுவர் வரவில்லை, அதுதான் நடந்தது.

அதனால் பெங்களூரில் இருக்கும்போதே, குளத்திலேயே, சுவரை விட்டுப் பழகுங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

(திரையில்: சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்பே திரும்பும் நீச்சல்காரர்.)

சுவரைத் தொடாதீர்கள். ஒன்றரை மீட்டர் முன்பே, எதையும் உதைக்காமல், கையால் மட்டும் வளைந்து திரும்புங்கள். முதல் நாள் நானூறு மீட்டரிலேயே தோள் கடுக்கும். கடுக்கட்டும். வேகம் செத்த இடத்திலிருந்து மறுபடியும் உடம்பை இழுத்துக் கிளப்புவது, போட்டியில் ஒவ்வொரு மிதவையையும் சுற்றும்போது நீங்கள் செய்யப்போகும் வேலையேதான். அப்புறம் கண்ணை மூடி எட்டு வீச்சு நீந்திப் பாருங்கள், குளம் காலியாக இருக்கும் நேரத்தில். எந்தப் பக்கம் கயிற்றில் முட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் உங்கள் உடம்பு இழுக்கிறது. எனக்கு எப்போதும் இடது பக்கம்தான். வலது பக்கம் மட்டுமே மூச்சு எடுத்துப் பழகியதால் வந்த கோணல் அது. இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு பாதிக்குமேல் சரியானது. கடலில் இன்னொரு லாபமும் உண்டு: எந்தப் பக்கத்திலிருந்து அலை அடிக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் மூச்சு எடுக்கலாம்.

கயிற்றை எடுக்கப் பயிற்சியாளர் சம்மதித்தால் பெரிய அதிர்ஷ்டம். நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் பத்து நிமிடம் நீந்துங்கள். ஒருவர் கால் இன்னொருவர் முகத்தில் தண்ணீரை அடிக்கட்டும், கண்ணாடி நழுவட்டும், நீந்தியபடியே சரிசெய்யுங்கள். ஆறு வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி முன்னால் பாருங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும். பார்வை ஒரு நொடி, பிறகு பக்கவாட்டில் மூச்சு.

ஏரியில் பழகலாமே என்று கேட்பீர்கள். அல்சூர் ஏரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கும் மனசு அடித்துக்கொள்ளும். இத்தனை தண்ணீர், ஒரு சுவர் இல்லை! ஆனால் நம் ஊர் ஏரித் தண்ணீரின் நிலைமை உங்களுக்கே தெரியும். இறங்காதீர்கள். போட்டிக்கு முன் குறைந்தது மூன்று தடவையாவது கடலுக்குப் போய்வாருங்கள். தனியாக ஒருபோதும் வேண்டாம், இடுப்பில் பளிச்சென்ற மிதவைப் பை இல்லாமலும் வேண்டாம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்கள், இதயம் நின்றுபோன நிகழ்வுகள் என 135-ஐ ஆராய்ந்தார்கள். அவற்றில் 90 நீச்சலில் நடந்தவை. இறந்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது. ஆகவே பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதய மருத்துவரைப் பாருங்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் கண்டிப்பாக. போட்டியன்று மூச்சு முட்டினால் மல்லாந்து படுங்கள், கையை உயர்த்துங்கள், பாதுகாப்புக்கு நிற்கும் சிறிய துடுப்புப் படகு, கயாக், வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். கயாக் உங்களை முன்னால் இழுத்துப் போகாத வரை அயர்ன்மேன் விதியில் அது தவறே இல்லை. இந்த ஒரு விதி தெரியாமல் மானத்துக்குப் பயந்து தத்தளிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் இதைச் சொல்லுங்கள்.

மூச்சு முட்டுவதற்கு இன்னொரு காரணம், நாம் தண்ணீருக்குள் காற்றை விடாமல் அடக்கிக்கொள்வது. முகம் உள்ளே இருக்கும்போது மூக்கு வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டே இருங்கள். உள்ளே இருப்பது வெளியே போனால்தான் புதியது வரும். துப்பாக்கி வெடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கடலில் இறங்கி முகத்தை நனையுங்கள்.

நீரோட்டம். மணிக்கு 2.4 கிலோமீட்டர் போகிறவருக்கு எதிரே அரை கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினால், 24 நிமிடத்தில் முடியும் 950 மீட்டர் 30 நிமிடம் ஆகும். உங்கள் தவறு இல்லை, பதறாதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், நீரோட்டம் எல்லாவற்றையும் தினமும் வெளியிடுகிறது. அவர்களுடைய எச்சரிக்கையில் ஒரு அருமையான சொல் வரும்: கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை, திருடன் மாதிரி சத்தமில்லாமல் வந்து கரையில் ஏறும். குமரியிலும் கேரளத்திலும் மீனவர்கள் புழங்கிய சொல், இன்று விஞ்ஞானிகள் அறிக்கையில் இருக்கிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் பயிற்சி கிடையாது.

சொறி மீன் (ஜெல்லி மீன்) தீண்டினால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீரிலேயே அலசிவிட்டு மருத்துவ முகாமுக்குப் போங்கள். நீந்தும்போது தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க, கழுத்திலும் அக்குளிலும் முன்கூட்டியே வாசலின் தாராளமாக. வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம், 24.5 டிகிரிக்கு மேல் சூடான கடலில் வயதுப் பிரிவுப் பரிசுக்குப் போட்டியிடுகிறவர்களுக்கு அனுமதி இல்லை. கோவா கடல் அதைவிட வெதுவெதுப்பானது.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கடல் நமக்குத் தரும் பரிசைச் சொல்லாமல் விடக்கூடாது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதனால் 70 கிலோ ஆளை அது குளத்தைவிட ஒன்றே முக்கால் கிலோ அதிகமாக மேலே தூக்கும். இடுப்பு தானாக உயரும், கால் இலேசாகும். குளத்தில் கால் கீழே தொங்கும் பிரச்சினை உள்ளவர்களுக்கு முதல் தடவை இது புரியும்போது வரும் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். குற்றாலீஸ்வரனை நினைவிருக்கிறதா? 1994-இல், பள்ளிக்கூடப் பையன், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். அவரைத் தாங்கியதும் இதே உப்புத் தண்ணீர்தான்.

கடைசி 200 மீட்டரில் கால் உதையைக் கொஞ்சம் கூட்டுங்கள், சைக்கிளுக்கு முன் காலுக்கு ரத்தம் ஓடட்டும். கரை நெருங்கியதும் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவோம். அது நீந்துவதைவிட மெதுவானது, களைப்பும் அதிகம். நீந்திக்கொண்டே இருங்கள். விரல் மணலைத் தொடும். எழுந்திருக்காதீர்கள். இரண்டாவது வீச்சிலும் தொடும். மூன்றாவதில் உள்ளங்கை முழுதாக மணலில் பதியும்.

இப்போது எழுந்திருங்கள்.

(திரையில்: ஈர மணலில் ஓடும் கால்கள்.)

நீங்கள் எந்தக் குளத்தில் பழகுகிறீர்கள், முதல் கடல் எது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். ஒரே கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கேயே பேசிச் சேர்ந்து போகலாம், தனியாகப் போக வேண்டியிருக்காது. அடுத்த வீடியோவில் உப்பு காயாத உடம்போடு சைக்கிள் ஏறுவது.