அந்த இரண்டு மாதம் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்

சமூக மன்ற இந்தியர் நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, அடித்தள அமைப்புத் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் ராணுவ அதிகாரிகளே, தமிழாசிரியப் பெருமக்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைவருக்கும், விடியற்காலையிலேயே வந்து நாற்காலி போட்ட தொண்டூழியர்களுக்கும் முதல் நன்றி.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, உடற்பயிற்சி. இரண்டு, நம் சிங்கப்பூரின் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை பற்றிய சட்டம். மூன்று, நம் தலைவரிடம் ஒரு கோரிக்கை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். என் தகப்பனார் அடிக்கடி சொன்ன பழமொழி இது. தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைக்கு உடம்புதான் சுவர். ஐபிபிடி என்ற ராணுவ உடற்தகுதிச் சோதனையில் இப்போது மூன்றே அங்கங்கள்: ஒரு நிமிடம் புஷ் அப், ஒரு நிமிடம் சிட் அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி, அதில் பாதி ஓட்டத்துக்கு. மருத்துவப் பரிசோதனையில் தரப்படும் பெஸ் என்ற தகுதிநிலையில் ஏ அல்லது பி ஒன் பெற்ற பிள்ளை, சேருமுன்பே இந்தச் சோதனையில் 61 புள்ளி எடுத்துவிட்டால் முழுநேரச் சேவையில் இரண்டு மாதம் குறையும். 24 மாதம் 22 ஆகிவிடும். பள்ளியிலேயே நாப்ஃபா என்ற உடற்தகுதித் தேர்வில் தங்கமோ வெள்ளியோ வாங்கியவருக்கும் இதே சலுகை உண்டு.

ஈசூனில் ஒரு அப்பத்தா இருக்கிறார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். பேரனின் அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. பேரனோ பத்து புஷ் அப் எடுப்பதற்குள் படுத்துவிடுவான். அப்பத்தா தினமும் மாலை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசை பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு கையில் கோப்பி, மறு கையில் பேத்தியின் கைப்பேசி, அதில் நேரம் ஓடும். ‘ஒன்று, இரண்டு’ என்று உரக்க எண்ணுவார். முழங்கை சரியாக மடங்கவில்லையென்றால், ‘அது கணக்கில்லடா, திரும்பவும் எடு’ என்பார். கடைக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரர் தன் மகனையும் கீழே அனுப்பிவைத்தார். ஓட்டத்துக்கு மைதானத்தில் ஆறு சுற்று. அதையும் அப்பத்தா படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணினார். சோதனை முடிந்து வந்த பேரனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘அறுபத்தொண்ணு வந்துச்சா?’ வந்திருந்தது!

அடுத்த புளோக்கில் இன்னொரு பையன். அவனைவிட நல்ல உடம்புக்காரன். சலுகை பற்றிய ஆங்கிலக் கடிதம் வீட்டு இழுப்பறையிலேயே கிடந்துவிட்டது. சோதனைக்கே போகவில்லை. தேக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ‘யாருமே சொல்லலையே’ என்று அவன் அப்பா என்னிடம் அழுதார். சுவர் இருந்தது, ஐயா. சித்திரம் எழுதலாம் என்று சொல்ல ஆளில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். தேசிய சேவைக்கான படைச்சேர்ப்புச் சட்டம் 1970லிருந்து இருக்கிறது. 13 வயதோ அதற்கு மேலோ ஆன பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால் அனுமதி வாங்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போய், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று தங்கிவிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. இதை அறியாமல் எந்த வீடும் இருக்கக் கூடாது.

ஆகவே நம் தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். மாதம் ஒருமுறை இந்த மண்டபத்தில், 16, 17 வயதுப் பையன்களின் பெற்றோருக்குத் தமிழிலேயே விளக்கக் கூட்டம் வேண்டும். வாரந்தோறும் பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி வேண்டும். சேவையை முடித்த நம் இளைஞர்கள் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். பின்வரிசையில் நிற்கிறார்கள், பாருங்கள். சுவரை நாம் எழுப்பிக் கொடுப்போம், சித்திரத்தை அவர்கள் எழுதட்டும்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பையனின் பெயரையும் வயதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் பிரிக்காத கடிதம் இருந்தால் அடுத்த முறை எடுத்து வாருங்கள், நானே உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். வணக்கம்.