தாடை உடைந்த தலைவரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, சனிக்கிழமை தவறாமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, மைதான வாடகையைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு மேடைக்கு வர மறுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயா அவர்களே, பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ரக்பி ஆட்டத்தின் ஒரு வகையான ரக்பி லீக்கில், ஃபார்வர்ட் எனும் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் தொழில்வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆட்டம் பிறந்த கதை, ஒரு வீரரின் வாழ்க்கை, அவர்கள் வாங்கும் சம்பளம் என்று மூன்றையும் தொடலாம் என நினைக்கிறேன். அதற்கு முன் ஒரு பழமொழி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். இதை நான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டமே காயத்திலும் கூலியிலும் பிறந்ததுதான். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில், வட இங்கிலாந்துக் கழகங்கள் கூடிப் பழைய ரக்பி சங்கத்தை விட்டுப் பிரிந்தன. ஆட வருவதற்காகச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலையை விட்டு வந்த தொழிலாளிக்கு, இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. 1907-ல் இதே சிட்னியில், அலெக் பர்டன் என்ற ஃபார்வர்ட் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். சங்கத்திடமிருந்து நஷ்டஈடு கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் இங்கே ரக்பி லீக் உருவானது. அடிபட்டவனை யார் பார்ப்பது என்பது இந்த ஆட்டத்தின் முதல் நாள் கேள்வி.

சரி, ஃபார்வர்ட் என்றால் யார்? பதின்மூன்று பேரில் ஆறு பேர். பந்தைக் கையில் வாங்கி, எதிரே வரிசையாக நிற்கும் ஆட்களின் மேல் நேராக ஓடி மோதுகிறவர்கள். மோதி, விழுந்து, எழுந்து, உடனே பின்னால் ஓடி, இப்போது எதிராளியைப் பிடிக்க வேண்டும். கபடியில் பாடி வருபவனின் வேலையும் பிடிப்பவனின் வேலையும் ஒரே ஆளுக்கு, எண்பது நிமிடம். ஓடித் துள்ளி மூலையில் புள்ளி எடுப்பவருக்குக் கைதட்டு. அதற்கு வழி திறந்துவிட்ட ஃபார்வர்டுக்கு நெற்றியில் ரத்தம்.

இனி ஜான் சாட்லர் கதை. சவுத்ஸ் என்று அழைக்கப்படும் சவுத் சிட்னி அணியின் தலைவர், பிராப் எனும் ஃபார்வர்ட் இடத்தில் ஆடியவர். 1970 இறுதிப் போட்டி, சிட்னி கிரிக்கெட் மைதானம், எதிரே மேன்லி அணி. முந்தைய வருடம் இறுதிப் போட்டியில் தோற்ற அணி சவுத்ஸ், அதனால் வெறியோடு இறங்குகிறார்கள். ஆட்டம் தொடங்கிச் சுமார் பத்து நிமிடம். பந்து வேறு பக்கம் இருக்கிறது. ஒரு குத்து விழுகிறது. சாட்லரின் தாடை உடைகிறது. பக்கத்தில் ஓடி வந்த தன் அணியின் மைக் கிளியரியிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: என்னைத் தாங்கிப் பிடி, எனக்கு அடிபட்டது அவர்களுக்குத் தெரியக்கூடாது.

யோசித்துப் பாருங்கள். வாயெல்லாம் ரத்தம். உடைந்த தாடையோடு மறுபடி பந்தை வாங்குகிறார், மறுபடி மோதுகிறார், மறுபடி ஆளைப் பிடிக்கிறார். இடைவேளையில்தான் கூட ஆடுகிறவர்களுக்கு விஷயம் முழுதாகத் தெரிகிறது. பந்தை அவரிடம் கொடுக்காமல் காப்பாற்றப் பார்க்கிறார்கள், அவர் விடவில்லை. எழுபது நிமிடம் அப்படியே ஆடி, 23-க்கு 12 என்று ஜெயித்து, கோப்பையை வாங்கி, அந்த வாயாலேயே பேசிவிட்டு அப்புறம்தான் மருத்துவமனைக்குப் போனார். அந்த வருட உலகக் கோப்பை அவருக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த வருடம் திரும்பி வந்து மறுபடி கோப்பை வென்றார், 1967, 68, 70, 71 என்று நான்கு. இந்தக் கதையை ஆஸ்திரேலியா ஐம்பது வருடமாகப் பெருமையோடு சொல்கிறது. எனக்கும் அவர்மேல் பெருமதிப்பு உண்டு.

ஆனால் அந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாட்லர் 2023 மார்ச்சில், 80 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்கு மறதி நோய். ஆட்டத்தால்தான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை, அது மருத்துவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் 2019-ல் இதே ஊர் ஆய்வாளர்கள், முன்னாள் தொழில்முறை லீக் வீரர்கள் இருவரின் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற நோயைக் கண்டார்கள். உயிரோடு இருக்கும்போது அதை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம், ஐயா. தாடை எலும்பு கூடும். மூளை அப்படி இல்லை.

பரமாட்டா லீக் அணியின் நீல மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்! ஆடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் போன குளிர்காலம் ஒரு மைதானத்தில் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையன், தலையில் அடி, எழுந்து எதிர் அணியின் பக்கம் போய் நிற்கிறான். எல்லைக்கோட்டிலிருந்து அவன் அப்பா, "ஒன்றுமில்லை, ஓடுடா!" என்கிறார். நல்ல மனிதர். சாட்லர் கதை கேட்டு வளர்ந்த மாதிரியான அன்பு அது.

ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தின் 2024 வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது: மூளை அதிர்ச்சி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளைகள் மோதல் உள்ள போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும். மோதல் பயிற்சிக்கே 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் வெளியே உட்கார வையுங்கள். இரண்டு மூன்று ஆட்டம் போகும், போகட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

சம்பளம் பற்றிப் பேச நேரமில்லை. மணியடித்துவிட்டார்கள். முதல்வர் அம்மாவிடம் ஒரே ஒரு கோரிக்கை: நம் பள்ளி விளையாட்டு அணிகளுக்கு இந்த 21 நாள் விதியை இன்றே எழுத்தில் கொண்டுவாருங்கள். பெற்றோர் ஒப்புதல் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழிதான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.