டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு ஏறிவிட்டதா?

வணக்கம். "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொல்பவர் இன்று தெருவுக்கு நான்கு பேர். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டு, சுமார் 20 கிராம் எடையில். கெட்டது அதன் சுரப்பு. நாளமில்லாச் சுரப்பிகள் வேலை செய்யும் விதம் முழுவதையும் இந்த ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம்.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நாளம் உண்டு. சுரந்தது வாய்க்கு வந்துவிடும். தைராய்டுக்கு நாளம் இல்லை. சுரப்பதை நேரே ரத்தத்தில் விடுகிறது. ரத்தமோ எல்லா இடத்துக்கும் போகிறது. அப்படியானால் ஹார்மோனுக்கு முகவரி எப்படித் தெரியும்? தெரியாது. எந்த செல்லில் அதற்கான ஏற்பி இருக்கிறதோ, அந்த செல் பிடித்துக்கொள்ளும். மற்றவை கண்டுகொள்ளாது.

வேகம் ஹார்மோனுக்கு ஹார்மோன் மாறும். நாய் துரத்தினால் அட்ரினலின் செல்லின் வெளிப்புற ஏற்பியைத் தொட்ட சில விநாடிகளில் நெஞ்சு படபடக்கும். தைராய்டு சுரக்கும் டி4 (தைராக்சின்) அப்படியல்ல. அதில் நான்கு அயோடின் அணுக்கள். திசுக்களில் ஒன்று கழன்று டி3 ஆகி, செல்லின் உட்கருவுக்குள் போய், மரபணுக்களைத் தூண்டிப் புதிய புரதம் செய்ய வைக்கும். நிதானமான வேலை. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். இந்த 7 நாளை மனத்தில் வையுங்கள்.

இதை மேற்பார்க்கும் பிட்யூட்டரி, மூளைக்கு அடியில் பட்டாணி அளவு. டி4 குறைந்தால் டி.எஸ்.எச். என்ற தூண்டும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டை விரட்டும், போதுமானால் குறைத்துக்கொள்ளும். இப்போது ஓர் அறிக்கையைப் பாருங்கள். டி.எஸ்.எச். 18, ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் டி4) குறைவு. டி.எஸ்.எச். பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. "தைராய்டு எகிறிடுச்சு" என்கிறார் அறிக்கையைப் பார்த்தவர். நேர்மாறு. பந்தியில் "சாம்பார், சாம்பார்" என்று குரல் உயர்கிறதென்றால் சாம்பார் நிறைய வருகிறது என்றா அர்த்தம்? வரவில்லை என்று அர்த்தம்.

மாத்திரைக்கு வருவோம். லெவோதைராக்சின், அதாவது மாத்திரை வடிவில் டி4, மைக்ரோகிராம் கணக்கில் 25, 50, 75, 100 என்று வரும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபியோடு சேர்த்து விழுங்கினால் உட்கிரகிப்பது குறையும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: அந்த இரண்டு மாத்திரையும் கையில் இருக்கும், தைராக்சின் தேவையும் அப்போதுதான் கூடியிருக்கும்.

அளவை மாற்றிய அடுத்த வாரமே ரத்தம் கொடுப்பது வீண் செலவு. பாதியாகக் குறைய 7 நாள் என்றால், புதிய அளவு நிலைகொள்ள ஐந்து மடங்கு, 35 நாள். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். பலரும் மாத்திரையை நிறுத்திவிடுவதற்கும் இதே 7 நாள்தான் காரணம். ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. "பார்த்தீர்களா, இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்பார்கள். உள்ளே இருப்பு கரைந்துகொண்டிருக்கும். சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் பிறகு மெதுவாக வரும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமினைச் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கடைசியாக, டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறும் இடம். பிரசவத்தில் ரத்தப்போக்கு அளவு மீறினால் பிட்யூட்டரியே பட்டுப்போகலாம். ஷீஹன் நோய் என்று பெயர். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, எழுந்து நடக்கவே சோர்வு. டி.எஸ்.எச். பார்த்தால் சரியான எல்லைக்குள்ளேயே இருக்கலாம். பந்தியில் குரல் கொடுக்கவே ஆள் இல்லை. ஃப்ரீ டி4 பார்த்தால்தான் குறை தெரியும். தெரிந்தவுடன் தைராக்சினை எழுதிவிடவும் கூடாது. அதே பிட்யூட்டரியை நம்பியிருக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலும் குறைந்திருக்கலாம். தைராக்சின் அதை இன்னும் வேகமாகச் செலவழித்துவிடும், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். முதலில் கார்டிசாலுக்கு ஈடாக ஸ்டீராய்டு, அதற்குப் பிறகே தைராக்சின்.