ரெண்டு சிலேட்டும் ஒரு பாக்கெட் பல்பமும்

வணக்கம் மக்களே. மைக் இரைகிறது, தெரியும். போன வீடியோவிலேயே அதற்குத் திட்டு வாங்கிவிட்டேன். ஆனால் இந்த வாரம் நான் வாங்கி வந்தது மைக் இல்லை, சிலேட்டு. இதோ பாருங்கள், மரச்சட்டம் போட்ட அசல் கல் சிலேட்டு. ஒன்றல்ல, ரெண்டு.

ஏன் என்று சொல்வதற்குமுன் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். கீழ்வீட்டுப் பெண்ணை உங்களுக்குத் தெரியும், கொலு வீடியோவில் புள்ளி வைக்காமல் மயில் கோலம் போட்டாளே, அவள்தான். பத்தாவது படிக்கிறாள். அரையாண்டில் கணக்கு 31. பெற்றோர் கூட்டத்தில் அவளை நிற்க வைத்துக்கொண்டே, "இவளுக்குக் கணக்கு ஏறாதுங்க, பாஸ் பண்ணினால் போதும்னு விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 35க்கு இன்னும் நாலு மார்க், அவ்வளவுதானே! அவள் அம்மா என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு கணக்கைக்கூட முடிக்கவில்லை. எல்லாம் ரெண்டாவது வரியோடு நிற்கிறது. கேட்டால், "தப்பா எழுதினா நோட்டு அசிங்கமாயிடும் ஆன்ட்டி" என்கிறாள். அப்போதுதான் சிலேட்டு ஞாபகம் வந்தது.

சரி, தேடிய கதைக்கு வருகிறேன். மூன்று ஸ்டேஷனரி கடையிலும் பிளாஸ்டிக் சிலேட்டைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது, பல்பம் வழுக்கும். கடைசியில் திருவல்லிக்கேணி பாரதி சாலையில், பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி ஒரு பெட்டிக்கடையில் கிடைத்தது. ஒன்று 140 என்றார். ரெண்டாக எடுத்தால் எவ்வளவு என்றேன். 260. நகர்ந்தேன். 240. ஸ்கூட்டரில் சாவி போட்டேன், 220! பல்பம் பாக்கெட் 15, அதில் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மொத்தம் 235. வீடு வருவதற்குள் ஒரு சட்டத்தில் ஆணி கழன்றுவிட்டது, அது தனிக் கதை.

ரெண்டு எதற்கு என்று சொல்லாமல் ஓடுகிறேன் பாருங்கள். அந்த பாரதி சாலைக்கு முன்பு பைகிராப்ட்ஸ் ரோடு என்று பெயர். சென்னைத் துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் வீடு அங்கேதான் இருந்தது. அவருக்குக் கீழே 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ராமானுஜன். ஆமாம், அதே கணித மேதைதான். ராத்திரியில் அந்த வீட்டு மாடியில் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் கணக்குப் போடுவார்களாம். மேலதிகாரி, தன் குமாஸ்தாவோடு! ராமானுஜன் ரெண்டே வரியில் தாண்டிப் போய்விடுவார். "எனக்குப் புரிகிற மாதிரி நடுவில் பத்துப் படியாவது எழுது" என்று இவர் பிடித்து இழுப்பாராம். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டியைவிட எனக்கு இந்த நாராயண ஐயரைத்தான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.

அடடா, அதற்கு முந்தியதை விட்டுவிட்டேன். ராமானுஜன் எஃப்.ஏ. என்கிற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறாதவர். 1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர் ராமசுவாமி ஐயரிடம் போய் ஒரு சின்ன குமாஸ்தா வேலை கேட்கிறார். அவர் ராமானுஜனின் கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆளை இந்த வேலையில் போட்டு அமுக்கக்கூடாது என்று வேலை தர மறுத்து, கடிதம் கொடுத்து சென்னைக்கு அனுப்புகிறார். அப்புறம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. வந்தபிறகு கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போவதற்கு முன்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். நாம் என்னடா என்றால், ரிசல்ட் அன்றைக்கு வாட்ஸப்பில் கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஊக்கப்படுத்திவிட்டோம் என்கிறோம். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

கீழ்வீட்டுப் பெண்ணை ராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. மயில் கோலத்தை மனசுக்குள் கணக்கிட்டுப் போடுகிறவளுக்குக் காரணிப்படுத்தல் வராது என்றால் நம்பமாட்டேன், அவ்வளவுதான். நேற்று ஒரு இருபடிச் சமன்பாடு. பெருக்கினால் மைனஸ் 24 வரவேண்டும், கூட்டினால் மைனஸ் 5. முதலில் 6, 4 என்று எழுதினாள், அழித்தாள். 12, 2. அதையும் அழித்தாள். நானும் என் சிலேட்டில் போட்டுக்கொண்டிருந்தேன், எனக்கும் வரவில்லை, சத்தியமாக! மூன்றாவது முறை மைனஸ் 8, பிளஸ் 3 என்று எழுதிவிட்டு என் சிலேட்டை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க சைன் மாத்திப் போட்டுட்டீங்க" என்றாள். நோட்டாக இருந்தால் அந்த 6, 4லேயே மூடி வைத்திருப்பாள்.

ஈரத்துணி கொடுத்தும் முழங்கையால்தான் அழிக்கிறாள். ராமானுஜனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்றேன், இப்போது நிறுத்தவே மாட்டேன் என்கிறாள். யூனிஃபார்ம் கை முழுக்க வெள்ளை. அவள் அம்மா துவைக்கிற சோப்புக் கணக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார்.

ஏழு மணி ஆகப்போகிறது, வந்துவிடுவாள். இன்றைக்கு முக்கோணவியல். எனக்கு அதில் ஒன்றுமே ஞாபகம் இல்லை, அவள் வருவதற்குள் ஒரு தடவை போட்டுப் பார்க்கவேண்டும். கேமராவை அணைக்கிறேன்.